பாரம் இழுக்கும் எஞ்சின்

அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை ராக்கி மலைத்தொடரை ஊடறுத்துச் செல்கின்றது. நகரை விட்டகன்ற சிறிது தொலைவிலேயே ஏற்றம் தொடங்கிவிடும். ஏறக்குறைய அறுபது மைல் கடந்தபின் சாலை கடல் மட்டத்திற்குமேல் 11,000 அடிக்கும் மிகுந்த உயரத்தை எட்டி, ஐசனோவரின் பெயர் தாங்கிய சுரங்கப் பாதையினுள் நுழைகின்றது. நூறு அடி தொலைவுக்கு ஆறடி, ஏழடி என்று உயர்ந்து செல்லும் சாலை அது. கோடைக் காலம் வந்துவிட்டால், வீடு போன்ற டிரெயிலர்களையும் படகுகளையும் குதிரைக் கூண்டுகளையும் பின்னால் பூட்டிக்கொண்டு, பிக்கப் எனப்படும் சிறு லாரிகள் வரிசை வரிசையாக அவ்வேற்றத்தில் ஊர்ந்து செல்லும். அவற்றுள் ஒன்றிரண்டு, முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ரேடியேட்டரிலிருந்து ஆவி எழ, சாலையோரத்தில் நிற்பதும் உண்டு.

அந்தச் சிறு லாரிகளின் முன்மூடிக்குள் பல ஆண்டுகள் குடியிருந்த ஒரு பேரெஞ்சினின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன். அது இழுப்பதற்கென்று பிறந்தது. ஓடுவதற்கென்று பெயர் பெற்றது. பின்னர் வலு குன்றி நின்றது. சில சிறு திருத்தங்களால் மீண்டும் தன் தொழிலுக்கு வந்து சேர்ந்தது.

நேயர்களே, வரலாற்றுக்குள் புகுமுன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். லாரியும் டிரெயிலருமாகச் சேர்த்து 15,000 பவுண்டு எடை என்று கொள்வோம்; நம் கணக்கில் ஏறத்தாழ 6,800 கிலோ. நூற்றுக்கு ஆறு என்ற ஏற்றத்தில் மணிக்கு 45 மைல் வேகத்தில் அது செல்லவேண்டும். ஒரு விநாடியில் 66 அடி முன்னேறும்; அதற்குள் ஏறக்குறைய 4 அடி உயரும். 15,000 பவுண்டை 4 அடி உயர்த்த 60,000 அடி-பவுண்டு வேலை வேண்டும். ஒரு விநாடிக்கு 550 அடி-பவுண்டு வேலை என்பது ஒரு குதிரைத் திறன். வகுத்துப் பாருங்கள்; 109 வரும். மலையை ஏறுவதற்கு மட்டுமே இவ்வளவு. காற்றின் எதிர்ப்புக்கும் டயர்களின் உராய்வுக்கும் இன்னும் ஓர் ஐம்பது, அறுபது சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த 109 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள். பேச்சின் இறுதியில் அது மறுபடியும் வரும்.

இத்துணைத் திறனை எஞ்சின் எந்த வேகத்தில் சுழலும்போது தருகின்றது என்பதே இழுவைத் தொழிலின் உயிர்நாடி. ரேக்ளாப் பந்தயத்தில் ஓடும் காளையும் கமலை இறைக்கும் எருதும் ஓரினத்தவைதாம். ஆயினும் பந்தயக் காளையைக் கமலையில் பூட்டுவார் இலர். எஞ்சின் தண்டைத் திருப்பும் வலிமையை முறுக்கு விசை என்கின்றோம். அமெரிக்கர் அதனைப் பவுண்டு-அடியில் அளப்பர். ஓரடி நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் எத்தனை பவுண்டு வலிமையுடன் திருப்புகின்றது என்பது அதன் பொருள். அந்த விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வருவது குதிரைத் திறன். ஆகவே இரண்டு எஞ்சின்கள் ஒரே குதிரைத் திறனைத் தரலாம். ஒன்று மெல்லச் சுழன்று வலுவாகத் திருப்பித் தரும், மற்றொன்று அலறிச் சுழன்று தரும். நாள் முழுதும் பாரம் இழுப்பவன் முதலாவதையே நாடுவான்.

பாரத்தை மோட்டாரின் பின்னால் பூட்டி இழுக்கும் வழக்கம் எளியதொரு தேவையில் தோன்றியது. 1914-ஆம் ஆண்டில் டெட்ராயிட் நகரில் கொல்லுத் தொழிலும் வண்டித் தொழிலும் செய்துவந்த ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்பவரிடம் மரவணிகர் ஒருவர் வந்தார். தம் படகைக் கோடை இல்லத்திற்கு இழுத்துச் செல்ல ஒரு வண்டி வேண்டும் என்றார். இழுக்கும் பணி 20 குதிரைத் திறனே உடைய போர்டு மாடல் டி காருக்கு வாய்த்தது. முயற்சி பலித்தது. அதே முறையில் மரம் ஏற்றவும் வண்டி செய்து தரும்படி வணிகர் கேட்டார். இன்று உலகெங்கும் நெடுஞ்சாலைகளை நிறைத்திருக்கும் டிரெயிலர் லாரிகளின் முன்னோடிகளுள் ஒன்று அதுதான்.

இனி நம் பேரெஞ்சினுக்கு வருவோம். அமெரிக்கர் எஞ்சின்களைப் பெரிய பிளாக், சிறிய பிளாக் என்று பிரித்துப் பேசுவர். சிலிண்டர்கள் எட்டையும் தன்னுள் அடக்கிய வார்ப்பிரும்புப் பாளமே பிளாக் எனப்படுவது. செவர்லே நிறுவனம் 1955-ஆம் ஆண்டு மாடலில் வெளியிட்ட 265 கன அங்குல எஞ்சின் சிறிய வகையைச் சார்ந்தது. ஆனால் கார்கள் ஆண்டுக்கு ஆண்டு பருத்துவந்தன. லாரிகளின் சுமையும் ஏறிவந்தது. ஆதலின் 1958-ஆம் ஆண்டு மாடலில் 348 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய எஞ்சின் வெளிவந்தது. லாரிகளிலும் பூட்டவேண்டும் என்ற நோக்கம் அதன் அமைப்பிலேயே காணப்பட்டது. வழக்கமாக எரிபொருள் எரியும் அறை சிலிண்டரின் தலைமூடியில் குடையப்பட்டிருக்கும். இதிலோ தலைமூடி தட்டையானது. சிலிண்டரின் மேல்முகம் சாய்வாகச் சீவப்பட்டு, எரியும் அறை சிலிண்டருக்குள்ளேயே அமைந்தது.

பிறந்த குழந்தை எந்தத் தொழிலுக்குச் செல்லும் என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய இயலாது என்பார்கள். எஞ்சினுக்கும் அவ்விதியே போலும். 348 விரைவில் 409 கன அங்குலமாக வளர்ந்தது. 1962-இல் இரண்டு பெரிய கார்புரேட்டர்களுடன் 409 குதிரைத் திறன் தருவதாக அறிவிக்கப்பட்டது. கன அங்குலத்துக்கு ஒரு குதிரை! அவ்வெண்ணையே பெயராகக் கொண்டு, அதே ஆண்டில், பீச் பாய்ஸ் என்னும் இளைஞர் குழு ஒரு பாட்டே பாடிவிட்டது. பாரம் இழுக்கும் இயந்திரத்தைப் பற்றி யாரும் பாடவில்லை. 1965-இல் 396 கன அங்குலத்தில் புதிய பேரெஞ்சின் வந்தது. அதன் வால்வுகள் வெவ்வேறு கோணங்களில் சாய்ந்து நின்றமையால் முள்ளம்பன்றி என்று பட்டப்பெயர் பெற்றது. அடுத்த ஆண்டே 427. 1970-இல் 454 கன அங்குலம், அதாவது 7.4 லிட்டர். அந்த 454-இன் மிக வலிய வகை 450 குதிரைத் திறன் தருவதாக விளம்பரம் செய்யப்பட்டது. அத்திறன் கிடைத்தது நிமிடத்துக்கு 5,600 சுற்றில். நான்கு டன் டிரெயிலரைப் பூட்டிக்கொண்டு அவ்வேகத்தில் மணிக்கணக்காக மலையேறும் எஞ்சினை நினைத்துப் பார்க்கவும் அச்சமாக இருக்கின்றது.

1970-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் கையெழுத்தாயிற்று. கார்களின் நச்சுப் புகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைச் சில ஆண்டுகளுக்குள் குறைத்தாக வேண்டும் என்பது அதன் கட்டளை. அதற்கு முன்பே ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராக இருந்த எட் கோல், 1971-ஆம் ஆண்டு எஞ்சின்கள் ஈயம் குறைந்த பெட்ரோலிலும் ஓடும் என்று அறிவித்துவிட்டார்.

ஈயத்தின் கதை தனியே ஒரு பேச்சுக்கு உரியது. சுருக்கமாகவேனும் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. சிலிண்டருக்குள் கலவையை மிகுதியாக அழுத்தினால் அது பொறி பட்டுச் சீராக எரிவதற்கு முன்பே தானாக வெடிக்கும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஒலி கேட்கும். நீடித்தால் பிஸ்டன் பொத்தலாகிவிடும். 1921-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், டெட்ரா எதில் ஈயம் என்னும் பொருளைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் அவ்வொலி அடங்குவதைக் கண்டார். உயர்ந்த அழுத்த விகிதமும், அதனால் மிகுந்த திறனும் எளிதில் கைவந்தன. அதற்குரிய விலையை ஐம்பது ஆண்டுக் காலம் குழந்தைகளின் குருதி செலுத்தியது. 1976-க்கும் 1991-க்கும் இடையில் அமெரிக்க மக்களின் குருதியில் இருந்த ஈயத்தின் அளவு நான்கில் மூன்று பங்குக்கும் மேலாகக் குறைந்தது. பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கியதே அதற்குத் தலையாய காரணம். சட்டம் வந்து நல்ல எஞ்சின்களைக் கெடுத்துவிட்டது என்று இன்றும் புலம்புவார் உளர். அவர்கள் இந்த அளவை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டிலும், உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ஆம் ஆண்டிலும் ஈயப் பெட்ரோலின் விற்பனை முடிவுற்றது.

எனினும் எஞ்சின் வலு குன்றியது உண்மையே. அழுத்த விகிதம் பத்துக்கு மேலிருந்து எட்டரை அளவுக்கு இறங்கியது. பொறி விழும் நேரம் தாமதப்படுத்தப்பட்டது. கழிவுப் புகையின் ஒரு பகுதி மீண்டும் சிலிண்டருக்குள் செலுத்தப்பட்டது. விளம்பரத்தில் கண்ட எண்களும் சரிந்தன. இச்சரிவில் ஒரு பகுதி வெறுங் கணக்கு மாற்றம் என்பதையும் சொல்லவேண்டும். முன்னெல்லாம் விசிறி, புகை அடக்கி முதலியவற்றைக் கழற்றிவிட்டு, மேடையில் எஞ்சினை ஓட்டி அளந்தனர். பின்னர், வண்டியில் பூட்டியிருக்கும் நிலையிலேயே அளந்தனர். 1971-இல் ஒரே 454 எஞ்சினுக்குப் பழைய முறையில் 365, புதிய முறையில் 285 என்று இரண்டு எண்களும் வெளியாயின. அந்த 80 குதிரைகள் எப்போதும் காகிதத்தில் மட்டுமே மேய்ந்தவை.

1973-ஆம் ஆண்டு மாடலில்தான் 454 எஞ்சின் செவர்லேயின் சிறு லாரிகளுக்கு வந்து சேர்ந்தது. போர்டு நிறுவனத்தின் 460 கன அங்குல எஞ்சினும் அவ்வாண்டிலேயே அதன் லாரிகளில் இடம்பெற்றது. மார்ச் மாதத்தில் ஐசனோவர் சுரங்கப் பாதையின் முதல் கண் திறக்கப்பட்டது. அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தன. மலைக்குள் வழியும், வழிக்கேற்ற எஞ்சினும் ஒருங்கே கிடைத்த ஆண்டில் எண்ணெய் அரிதாகிவிட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பும் விதிக்கப்பட்டது. பந்தயக் கனவு கண்ட கார்கள் பேரெஞ்சினைக் கைவிட்டன. இழுப்பவர்களோ அதனைக் கைவிட இயலவில்லை. டிரெயிலரின் எடை எண்ணெய் விலையைப் பார்த்துக் குறைவதில்லை அன்றோ.

இந்நிலையில்தான் பட்டறைகளில் சிறு திருத்தங்களின் காலம் தொடங்கியது. எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது பூட்டும் வசதி பலருக்கு இல்லை. இருப்பதைக் கொண்டு, மெல்லச் சுழலும்போது சிலிண்டர் நன்கு நிரம்பும்படி செய்யவேண்டும், கேள்வி இவ்வளவே.

இதற்கு மிக அழகிய சான்று போர்டின் 460. புகைக் கட்டுப்பாட்டுக்காக, 1972 முதல் அந்த எஞ்சின் குடும்பத்தில் காம் தண்டைச் சுழற்றும் பற்சக்கரம் ஏறத்தாழ 8 டிகிரி பின்தங்கியிருக்குமாறு அமைக்கப்பட்டது. அதன் விளைவு யாது? பிஸ்டன் கீழிறங்கிக் கலவையை உறிஞ்சியபின் மேலேறத் தொடங்குகின்றது; உறிஞ்சு வால்வோ இன்னும் மூடவில்லை. வேகமாகச் சுழலும்போது, உள்ளே பாய்ந்துவரும் கலவையின் உந்துதலால் தீங்கு நேராது. மெல்லச் சுழலும்போது, உறிஞ்சிய கலவையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். ஓட்டைக் கலத்தில் நீர் இறைப்பது போன்ற கதை. பட்டறைக்காரர்கள் பழைய அமைப்பிலான சங்கிலியையும் பற்சக்கரத்தையும் வாங்கிப் பூட்டினர். ஒரு பிற்பகல் வேலை. பிளாக்கைத் திறக்கவேண்டியதில்லை, பிஸ்டனைத் தொடவேண்டியதில்லை. ஏற்றத்தில் வண்டியின் போக்கு மாறிவிட்டது.

செவர்லே 454-இலும் இத்தகைய வாய்ப்புகள் இருந்தன. வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் பந்தயக் காம் தண்டுக்கு மாறாக, விரைவில் மூடிவிடும் காம் தண்டுகள் விற்பனைக்கு வந்தன. உல்லாசப் பயண வண்டிகளுக்கு ஏற்றது என்ற பொருளில் அவற்றுக்கு ஆர்.வி. காம் என்று கடைத்தெருவிலேயே பெயர் வழங்கிற்று. கலவையைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் மேனிபோல்டுகளில், உட்குழாய்களை இரண்டு தளங்களாகப் பிரித்த வகை இழுவைக்கு உகந்தது எனக் கண்டனர். கார்புரேட்டர் பெரிதாக இருக்கவேண்டும் என்பார் ஒரு சாரார். 1965-இல் வெளிவந்த ரோசெஸ்டர் குவாட்ராஜெட் அவ்வாதத்துக்கு நல்ல விடை. முன்னால் இரண்டு சிறு தொண்டைகள், பின்னால் இரண்டு பெருந் தொண்டைகள். பெரிய வாயிற் கதவில் வைத்த திட்டிவாசல் போல, நாளும் புழங்குவதற்குச் சிறியது. தேர் வரும்போது மட்டும் பெரியது. சிறு தொண்டையில் காற்று விரைந்து செல்லும். விரைந்து செல்லும் காற்று பெட்ரோலை நுண்துளிகளாகச் சிதறடிக்கும்.

தலைமூடியின் வரலாறு இன்னும் சுவையானது. பின்னாளில் லாரிகளுக்கென வார்க்கப்பட்ட 454 தலைமூடிகளில் காற்று நுழையும் துவாரங்கள் மிகச் சிறியவை. பந்தயக்காரர்கள் அவற்றை நிலக்கடலைத் துவாரம் என்று எள்ளி நகையாடினர். கண்டால் கழற்றி எறியச் சொன்னார்கள். இழுப்பவன் கேட்கவேண்டிய அறிவுரை அதுவன்று. அகன்ற ஆறு மெல்ல ஓடும், குறுகிய மடுவில் நீர் விரைந்து பாயும் என்பதை நாம் அறிவோம். மெல்லச் சுழலும் எஞ்சினில், குறுகிய துவாரமே கலவையை விரைந்து உட்செலுத்திச் சிலிண்டரை நிரப்பியது. பெரிய துவாரத் தலைமூடியை வாங்கிப் பூட்டிய பலர், கைப்பணத்தையும் இழந்து, ஏற்றத்தில் முன்னிலும் மெதுவாகச் சென்றனர்.

புகை வெளியேறும் வழியைச் சற்றே அகலமாக்குவது நற்பயன் தந்தது. பொறி விழும் நேரத்தைச் சற்று முன்தள்ளுவதும் அப்படியே; ஆனால் இது கத்தி முனையில் நடப்பதற்கு ஒப்பாகும். முழுப் பாரத்துடன், குறைந்த சுழற்சியில், வெயிற்காலத்தில் ஏறும்போதுதான் கூழாங்கல் ஒலி எழும். வெறும் வண்டியை ஊருக்குள் ஓட்டிப் பார்த்து, எல்லாம் நலம் என்று எண்ணியவர்கள் மலையின் பாதியில் பிஸ்டனை இழந்தனர். ஈயப் பெட்ரோல் காலத்துப் பழைய எஞ்சின்களுக்கு இன்னுமோர் இடர் இருந்தது. ஈயம் வால்வு அமரும் இடத்தில் மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்துவந்தது. அது நீங்கியபின், பெரும்பாரம் இழுக்கும் எஞ்சின்களில் கழிவு வால்வின் இருக்கை விரைவில் தேய்ந்து குழிந்தது. பழையவற்றைப் புதுப்பித்தவர்கள் கடினமான இரும்பு வளையங்களைப் பதித்து அதனைச் சரிசெய்தனர்.

எஞ்சினை மேம்படுத்துவதாக எண்ணிப் பலர் மறந்துவிட்ட பகுதி வெப்பம். பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில், மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் வேலையாக மாறுகின்றது. மற்றொரு பங்கு புகையுடன் போகின்றது. எஞ்சியது ரேடியேட்டர் நீரில் இறங்குகின்றது. ஆகவே எஞ்சினின் திறனைக் கூட்டுகின்றவன் அடுப்பையும் பெரிதாக்குகின்றான். தானியங்கிக் கியர்ப் பெட்டியின் எண்ணெயும் இழுவையில் கொதிக்கும். எஞ்சின் நன்றாக இருக்க, கியர்ப் பெட்டி எரிந்து சாலையோரம் நின்ற வண்டிகள் பல. எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு ரேடியேட்டர் ஒன்றைத் தனியே பொருத்துவது, விளம்பரத்தில் இடம்பெறும் எந்தக் காம் தண்டை விடவும் முதலில் செய்யவேண்டிய வேலை என்பது என் கருத்து.

பின் அச்சின் பற்சக்கர விகிதத்தையும் இங்கே சொல்லவேண்டும். 3.21 என்ற விகிதத்தை எடுத்துவிட்டு 4.10 பூட்டினால், எஞ்சினைத் தொடாமலேயே சக்கரத்தின் இழுவை ஏறக்குறைய நூற்றுக்கு 28 பங்கு கூடுகின்றது. சமதளத்தில் எஞ்சின் அதற்கேற்ப வேகமாகச் சுழன்று பெட்ரோலைக் குடிக்கும் என்பது உண்மை. எதையும் இழவாமல் எதையும் பெறுவதற்கு இயந்திர நூலில் இடமில்லை.

பட்டறைகளில் கண்ட இப்பாடங்களைத் தொழிற்சாலையும் பின்னர்த் தன் வழியில் நிறைவேற்றியது. 1987-இல் லாரியின் 454 எஞ்சினில் கார்புரேட்டர் நீங்கி, மின்னணுக் கருவியால் பெட்ரோலைப் பீச்சும் முறை வந்தது. குதிரைத் திறன் 230 மட்டுமே. முறுக்கு விசையோ 385 பவுண்டு-அடி. அதுவும் நிமிடத்துக்கு 1,600 சுற்று என்ற மெல்லிய ஓட்டத்திலேயே கிடைத்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் 450 என்று முழங்கிய அதே 454-தான் இது. எண்ணால் ஏறக்குறைய பாதி. தொழிலுக்கு இதுவே பொருத்தம். 1996-இல் சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பெட்ரோல் பீச்சப்பட்டு 290 குதிரைத் திறனும் 410 பவுண்டு-அடியும் கிடைத்தன. 2001-இல் கொள்ளளவு 8.1 லிட்டராக உயர்ந்து, 340-உம் 455-உம் ஆயின. தூய காற்றுச் சட்டத்தை மீறாமலே இவை எல்லாம் நிகழ்ந்தன.

இதற்கிடையே மற்றொரு திசையிலிருந்து போட்டி வந்தது. 1989-ஆம் ஆண்டு மாடலில் டாட்ஜ் நிறுவனம் தன் சிறு லாரியில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சினைப் பூட்டியது. குதிரைத் திறன் வெறும் 160. முறுக்கு விசை 400 பவுண்டு-அடி, நிமிடத்துக்கு 1,700 சுற்று அளவில். எண்ணைப் பார்த்துச் சிரித்தவர்கள், ஏற்றத்தில் அவ்வண்டி தங்களைக் கடந்து சென்றபோது சிரிப்பை நிறுத்தினர். டர்போ என்னும் காற்றழுத்தி பொருந்தியிருந்தமையால், மலையுச்சியின் மெல்லிய காற்றும் அதனைப் பெரிதும் வாட்டவில்லை. ஏனைய எஞ்சின்களோ ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் நூற்றுக்கு மூன்று பங்கு திறனை இழப்பவை. 230 குதிரைத் திறனுள்ள 454, சுரங்க வாயிலை எட்டும்போது 155 அளவுக்கு இளைத்துவிடும். நாம் முதலில் போட்ட கணக்குக்கு அது போதாது. கம்மின்ஸின் அந்த எஞ்சின் குடும்பம் 1990-களில் நம் ஜாம்ஷெட்பூருக்கும் வந்து, டாட்டா லாரிகளில் இடம்பெற்றது. பெட்ரோல் பேரெஞ்சின் 2009-இல் செவர்லே வரிசையிலிருந்து விடைபெற்றது.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. டீசல் புகையைத் தூய்மை செய்யும் வடிகட்டிகளும், யூரியா நீர் தெளிக்கும் அமைப்பும் சட்டத்தால் கட்டாயமாகி, டீசல் லாரியின் விலையும் பழுதுச் செலவும் ஏறின. 2020-ஆம் ஆண்டு மாடலில் போர்டு நிறுவனம் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை வெளியிட்டது. எட்டுச் சிலிண்டர், வார்ப்பிரும்புப் பாளம், பழைய முறைப்படி பாளத்துக்குள்ளேயே காம் தண்டு. 1958-இல் வேலை செய்த பொறியாளர் ஒருவர் அதன் படத்தைக் கண்டால், இன்னதென்று யாரும் சொல்லாமலே அறிந்துகொள்வார்.

இனி, நாம் விட்டுவந்த மலைச் சாலைக்குத் திரும்புவோம். வண்டி எவ்வாறோ ஏறிச் சுரங்கத்தைக் கடந்து மறுபுறம் வந்துவிட்டது. அங்கிருந்து சில்வர்த்தோர்ன் என்னும் ஊர் வரையில் ஒரே இறக்கம். 15,000 பவுண்டு எடை, நூற்றுக்கு ஆறு சரிவு, 45 மைல் வேகம். ஏறும்போது எஞ்சின் தரவேண்டியிருந்த அதே 109 குதிரைத் திறன், இப்போது வண்டியை முன்னே தள்ளுகின்றது. காற்றும் டயரும் ஒரு பகுதியைத் தாங்கும். மிச்சம் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக இறங்கவேண்டும். அல்லது ஓட்டுநர் தாழ்ந்த கியருக்கு மாறி, எஞ்சினையே சுமையாக்கித் தடுக்கவேண்டும். மேனிபோல்டும் காம் தண்டும் இங்கே உதவுவதில்லை. வேகமாக ஏறுவதற்குச் செலவிட்ட பணத்தில் ஒரு பகுதியை, டிரெயிலரின் சக்கரங்களுக்குரிய மின்சாரப் பிரேக்குக்கு ஒதுக்கினார்களா என்பது இவ்விடத்தில் தெரிந்துவிடும். தொடர்ந்து மிதித்த பிரேக் காய்ந்து பிடி தளரும்; முதலில் கருகிய நாற்றம் வரும், பிறகு மிதி தரைமட்டும் செல்லும். அவ்விறக்கத்தில், சாலையிலிருந்து பிரிந்து மலைச் சரிவில் மேல்நோக்கி ஏறும் கிளைப் பாதைகள் இரண்டை அமைத்திருக்கின்றார்கள். தார் போடப்படாத பாதைகள் அவை. ஆழமாகச் சரளைக் கல் நிரப்பப்பட்டவை. பிடியிழந்த வண்டி அதற்குள் பாய்ந்தால், அச்சு வரையில் புதைந்து நிற்கும்.